தைக்காத ஸ்வெட்டர்

என் கணவரின் அண்ணன் மனைவிக்கு உல்லன் நூல் என்றால் உயிர். அரியலூர் வெயிலில் கம்பளியா என்று சிரிக்காத ஆளில்லை. கல்யாணமாகி உடையார்பாளையம் பக்கத்தில் இருக்கும் இந்த வீட்டுக்கு நான் வந்தது பங்குனியில். ஃபேனுக்கு அடியில் மடி நிறைய நூலைக் கொட்டிக்கொண்டு, இரண்டு ஊசிகளால் குல்லா பின்னிக்கொண்டிருந்தவரைப் பார்த்து நானும் சிரித்துவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மார்கழி வரட்டும், பேசிக்கலாம் என்றார். மார்கழியும் வந்தது. முந்திரித் தோப்புப் பக்கமிருந்து அடித்த காற்றில் காது விறைத்துப்போய், வெட்கத்தைவிட்டு அந்தக் குல்லாவை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து அவர் எனக்கு அக்கா. ஓரகத்திகள் சண்டையை எதிர்பார்த்துக் காத்திருந்த சொந்தக்காரர்களுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

மாடி அறையில் இரண்டு அரிசி டிரம்கள் இருந்தன. ஒன்றில் அரிசி, இன்னொன்றில் நூல். சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பும் புழுதி இறங்காமல் நூல் டிரம்மின் மூடிக்கு மேல் பழைய வேட்டி ஒன்றைக் கட்டியிருப்பார். பூச்சி அண்டாமலிருக்க உள்ளே வசம்பும் காய்ந்த நொச்சி இலையும் சின்னச் சின்ன முடிச்சாகக் கிடக்கும். ஐப்பசி மழைக்கு முன்னால் எல்லாவற்றையும் வெளியே எடுத்து நிழலில் ஆறப்போடுவார். ஒரே மஞ்சள்தானே என்று வேறொரு நாள் வாங்கிவந்தால் சாயம் துளி மாறியிருக்கும், பாதிச் சட்டையில் பல்லை இளிக்கும் என்பதற்காக, ஒவ்வொரு நூல்கண்டோடும் சாய எண் போட்ட அதன் காகிதச் சீட்டைப் பத்திரமாக வைத்திருப்பார். பாதியில் நிற்கும் வேலைகள் அவற்றின் ஊசிகளோடு தனித்தனித் துணிப்பைகளில் தொங்கும். வண்டிச் சாவியை வீடு முழுக்கத் தேடுகிற மனுஷி, நூல் என்றால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார். டிராக்டர் சீட்டுக்குக்கூட உறை பின்னிப் போட்டிருந்தார். அதில் உட்கார்ந்தால் வேகிறது என்று அவர் கணவர் புலம்புவார். ஆனால் கழற்ற மாட்டார்.

நான் உண்டானதும் அக்கா மஞ்சள் நூலை எடுத்து ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்துவிட்டார். பிறக்காத பிள்ளைக்குத் துணிமணி சேர்க்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்தில் கண்டிப்பான வழக்கம். மாமியார் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார். அக்கா நிமிரக்கூட இல்லை.

“துணி எங்க இருக்கு அத்தே? இது நாலு துண்டு.”

அது உண்மைதான். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, கை இரண்டு. தனித்தனியாகப் பின்னி, தைக்காமல் வைத்துவிட்டால் அது சட்டையே இல்லை. பிள்ளை பிறந்த பிறகு தைத்துக்கொள்ளலாம். வழக்கத்தையும் மீறாமல் தன் கையையும் சும்மா வைக்காமல் அவர் கண்டுபிடித்த வழி அது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பிள்ளை ஏழாம் மாதத்தில் தங்காமல் போய்விட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் எல்லாரும் என்னைப் படுக்கச் சொன்னார்கள், அழாதே என்றார்கள், அடுத்தது நிற்கும் என்றார்கள். அக்கா மட்டும் மறுநாள் அந்த நான்கு துண்டுகளையும் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார். வைக்கட்டுமா, பிரிக்கட்டுமா, நீயே சொல்லு என்றார். பிரித்துவிடுங்கள் என்றேன். நூல் முனையை என் கையில் கொடுத்தார். அவர் பிரிக்கப் பிரிக்க நான் சுற்றினேன். நெளிந்து நெளிந்து வந்தது நூல். அழுதுகொண்டே சுற்றினேன், அழாதே என்று அவர் சொல்லவில்லை. பிறகு அதை வெதுவெதுப்பான நீரில் அலசி, நெளிவு போவதற்காகக் கனத்துக்குக் கீழே ஒரு பூட்டைக் கட்டித் தொங்கவிட்டார். அந்த வாரத்தில் என்னை நம்பி ஒரு வேலை கொடுத்தவர் அவர் ஒருவர்தான். அதற்காகவே அவரை நான் கும்பிடலாம்.

மறுபடி உண்டானபோது எதுவும் பின்ன வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். சரி என்றவர், மாதக்கணக்கில் திரைச்சீலைக்குக் குஞ்சலம் கட்டிக்கொண்டிருந்தார். ஏழாம் மாதம் தாண்டியது. பிள்ளை உதைத்தது. ஒருநாள் மதியம் வீடே உறங்கும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினேன். டிரம்மைத் திறந்து, கிளிப்பச்சை நூலை எடுத்துவந்து அக்காவின் மடியில் போட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். ஏன் என்று கேட்காமல் ஊசியைத் தேடினார்.

மார்கழிக் குளிரில் பெரம்பலூரில் ஆபரேஷன் செய்து பெண்பிள்ளையை எடுத்தார்கள். எடை கொஞ்சம் குறைவு, சூடாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். நான் கண் விழித்தபோது அக்கா கட்டிலோரம் ஸ்டூலில் உட்கார்ந்து, நான்கு பச்சைத் துண்டுகளை அவசர அவசரமாகத் தைத்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது; துடைக்கக்கூட ஊசியை விடவில்லை. தைத்து முடித்துத் தூக்கிக் காட்டினார். ஒரு கை இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. இன்னொன்றைக் கழுத்தில் வைத்துத் தைத்திருந்தார்.

பின்னலில் ஒரு கண்ணி தப்பினாலும் கண்டுபிடிக்கிற ஆள்! எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைக் கையால் அழுத்திக்கொண்டு, சிரிக்க வைக்காதீங்கக்கா, தையல் வலிக்குது என்றேன். அவர் ஸ்வெட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் தொட்டிலைப் பார்த்தார். எனக்குத் தெரிந்து அக்கா தன் வேலையில் விழுந்த தப்பைப் பார்த்துச் சிரித்தது அன்றைக்குத்தான்.

“போவுது விடும்மா. இத பிரிச்சித் தச்சிக்கலாம். புள்ள வந்துடுச்சில்ல.”