சுண்டலைக் கொஞ்சக் கூடாது

மழையில் நனைந்து வந்த எங்கள் நாய் சுண்டலின் வயிற்றைத் துடைக்கும்போதுதான் அது என் விரலில் தட்டுப்பட்டது. கடைசி முலைக்காம்பின் அடியில் ஒரு கட்டி, ஊறிய கொண்டைக்கடலை அளவு. பெயருக்குப் பொருத்தமாக வரவழைத்துக்கொண்டிருக்கிறாயே என்று அவளையே திட்டினேன். பயம் வந்தால் எனக்கு முதலில் வாய்தான் நீளும்.

பெசன்ட் நகர் கடற்கரையில் சுண்டல்காரர் பின்னாலேயே அலைந்த நாட்டு நாய்க்குட்டி அவள். என் கணவர்தான் மந்தைவெளி வீட்டுக்குத் தூக்கி வந்தார். இப்போது கிழவி.

அடையாறில் நாங்கள் பார்க்கும் கால்நடை மருத்துவர் இளம்பெண். ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார். இதயத்தில் ‘மர்மர்’ (வால்வு சரியாக மூடாததால் வரும் இரைச்சல்) இருந்தது. கட்டியை அறுக்கக் கொடுக்கும் முழு மயக்கத்தை இதயம் தாங்குமா என்று அவருக்கே சந்தேகம். அப்படியே விட்டால் கட்டி உடைந்து புண்ணாகும்.

“லேசா தூங்க வெச்சு, லோக்கல் போட்டு எடுத்துடலாம் ஆன்ட்டி” என்றார். லோக்கல் அனஸ்தீசியா (அறுக்கும் இடத்தை மட்டும் ஊசியால் மரக்க வைப்பது) கொடுத்தால் கத்தி தெரியாது. ஆனால் முழுத் தூக்கம் இருக்காது. “அவ பயந்து துடிச்சா ஹார்ட்டுக்கு ஆகாது. நீங்க தலைமாட்டுல நின்னு பேசிக்கிட்டே இருங்க.”

பேசத்தானே, அதற்கென்ன என்று நினைத்தேன். மேசையில் படுக்க வைத்ததும் காதருகே குனிந்து, “என் தங்கமே, ஒண்ணுமில்லடி, செல்லம்ல” என்றேன். சுண்டல் நடுங்க ஆரம்பித்தாள். நான் குழையக் குழைய நடுக்கம் கூடியது.

காலைப் பிடித்திருந்த உதவியாளர், “இன்னாம்மா இது, பேசப் பேச நடுங்கிக்கினே கீது” என்றார். டாக்டர் கத்தியைத் தொடாமல் நின்றார்.

“ஆன்ட்டி, வீட்ல இப்படித்தான் பேசுவீங்களா?”

மூலையிலிருந்து என் கணவர் பதில் சொன்னார். “எங்க டாக்டர் கொஞ்சறா! குளிப்பாட்டணும், காதுக்கு மருந்து விடணும், ஊசி போடணும்னாதான் தங்கம், செல்லம் எல்லாம். மத்த நேரம் திட்டுதான்.”

எங்கள் வீட்டு வழக்கம் அது. கொஞ்சினால் கிழவிக்குப் புரிந்துவிடும், ஏதோ வரப்போகிறது என்று.

“அப்ப திட்டுங்க” என்றார் டாக்டர்.

அழுகையை அடக்கிக்கொண்டு திட்டிப் பாருங்கள், தெரியும். “ஏண்டி சனியனே, என் செருப்ப எங்கடி போட்ட? சோபால ஏறாதன்னா கேக்கறியா? சோத்து மூட்ட!” வால் மேசையில் மெல்லத் தட்டியது. நடுக்கம் நின்றது. கட்டி வெளியே வரும்வரை திட்டினேன். திட்டெல்லாம் தீர்ந்துபோய், சொன்னதையே திருப்பிச் சொன்னேன்.

மரப்பு சில மணி நேரம்தான் இருக்கும். அது விடுவதற்குள் வலி மருந்து உள்ளே போக வேண்டும். நாய் வலிக்கிறது என்று கத்தாது. மூச்சிரைக்கும், புரண்டு படுக்காது, தையலை நக்கும். அதைப் பார்த்துத் தாங்காமல் மனிதர்களுக்கான மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், அது நாய் உடம்புக்கு விஷமாகலாம். எழுதித் தந்த மருந்து போதவில்லை என்றால் டாக்டரைக் கூப்பிடுங்கள். நானும் கூப்பிட்டேன், மருந்தைக் கூட்டினார். அது வேலை செய்யும்வரை கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். வேறென்ன செய்ய?

தையல் ஆறியது. ஆனால் பயாப்ஸியில் (திசுப் பரிசோதனை) புற்று என்று வந்தது. எக்ஸ்ரேயில் நுரையீரலிலும் புள்ளிகள்.

“இனிமே அறுக்க வேணாம் ஆன்ட்டி. வலி இல்லாம பாத்துக்கலாம்” என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

இப்போது எங்களுக்குக் காலை, மாலை கிடையாது, மருந்து வேளைகள்தான். அவளுக்கு மூச்சு இழுத்தால் என் விலாவில் வலிக்கிறது.

“இப்பவாவது அவள ஒரு வார்த்தை கொஞ்சேன், சுமதி” என்கிறார் கணவர்.

எனக்கு ஆசையில்லையா? மடியில் போட்டு, என் தங்கமே என்று ஒரு தடவை சொல்லிவிட மாட்டேனா என்று இருக்கிறது. சொன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

மாத்திரையைத் தயிர் சாதத்தில் பொதிந்து நீட்டுகிறேன். “தின்னு தொலைடி, சோத்து மூட்ட.”

வாலை ஆட்டுகிறாள்.