நோன்பில் அளந்தவள்

ஊர் ஹுஸ்னியாவுக்கு வைத்த பெயர் ‘நோன்பு மீட்டர்’. சபையில் அவளுக்கு நீளமான ஒரு பதவிப் பெயர் இருந்தது. அதை யாரும் சொன்னதில்லை.

கல்முனைக்குத் தெற்கே, கடலோரத்துச் சின்னப் பிரதேச சபை. தெருவிளக்கையும் மீன் மார்க்கட்டையும் சோலாருக்கு மாற்றும் திட்டத்தை எழுதியவள் அவள்தான். மின் அளவுகளைக் கொழும்பு கேட்ட தவணை நோன்பு மாதத்தில் விழுந்தது. மீட்டர் பூட்டி அளந்தாள். பகலில் மார்க்கட் தூங்கியது. ஐஸ் மெஷின் மாலை அசர் தொழுகைக்குப் பிறகு கொஞ்சம் ஓடியது. இரவில் கடைத்தெரு முழுக்க வெளிச்சம். அவளும் நோன்பு பிடித்துக்கொண்டுதான் அளந்தாள். மற்ற மாதங்களில் ஊருக்குப் பகலில் பசிக்கும் என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

அந்த அளவின்படி பெரிய பேட்டரியும் குறைந்த சோலார் பலகைகளும் வந்தன. சபை பழைய கரண்ட் இணைப்பை வெட்டியது. பெருநாள் கழிந்தது. தினமும் வெயில் உச்சிக்கு ஏறுமுன்பே ஐஸ் மெஷின் நின்றுபோனது. ஐஸ் இல்லாமல் சூரை மீன் ஊதிப்போனது. ஒரு காலை அவள் வீட்டு வாசலில் அழுகிய மீன் கூடை கவிழ்ந்து கிடந்தது. உம்மா வாசலைக் கழுவிவிட்டாள்.

கூடுதல் பலகை கிடைக்க வேண்டுமானால் சாதாரண நாளொன்றின் அளவு வேண்டும். அதற்கும் இன்றுதான் கடைசி நாள். மெஷின் நாள் முழுக்க ஓடப் பழைய கரண்ட் இணைப்பைத் தற்காலிகமாகப் பொருத்தி, மீட்டரோடு மெஷினருகே நின்றாள்.

மீன்காரர் சங்கத் தலைவர் காலிதீன் கத்தியை இடுப்புச் சாரத்தில் துடைத்தபடி வந்தார்.

“வந்திட்டாவா? இண்டைக்கும் நோன்பா?”

பின்னால் சிரித்தார்கள்.

“காக்கா, இண்டைக்கு மட்டும் மெஷின வழமபோல ஓட விடுங்க. அளந்தாத்தான் மத்தப் பலகை வரும்.”

“அளந்து அளந்துதான் எங்கட மீன நாறப் பண்ணின. போ புள்ள, ஊட்ட போய் ஒண்ட சோத்துச் சட்டிய அள.”

மெஷின் சுவிட்சை அணைத்தார். அவள் போட்டாள். மறுபடி அணைத்தார்.

“நாறப்போறது ஒங்கட மீன்தானே காக்கா?”

“நாறட்டும். எங்கட புத்தியால நாறட்டும். ஒண்ட அளவால வேணா.”

அவள் சுவிட்சைப் போட்டு, அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

“கைய எடு.”

“நீங்க புடிச்சி எடுங்க.”

காலிதீனின் கை பாதி தூரம் வந்தது. அந்நியப் பெண்ணின் கை, தொடக்கூடாது; ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. கையை இழுத்துக்கொண்டு தன் மீன் வெட்டும் பலகைக்குப் போனார்.

மெஷின் ஓடியது. ஐஸ் தொட்டியில் குவிந்து தரையில் வழிந்தது. யாரும் தொடவில்லை. வெயில் தகரக் கூரையில் கொதிக்கத் தொடங்கியதும் ஒருவர் வந்தார், அள்ளினார், அவளைப் பாராமல் போனார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். சலாம் இல்லை. மீட்டர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது.

காலிதீன் ஐஸ் எடுக்கவில்லை. நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. பள்ளிவாசலுக்குப் போகிற வழியில் மீன் கழுவிய வாளியை அவள் காலடியில் கவிழ்த்துவிட்டுப் போனார்.

அவள் கால்களைக் கூட நகர்த்தவில்லை. நகர்ந்தால் கை சுவிட்சுக்கு எட்டாது.