பனிக்குள் கூப்பிட்ட பேர்

காலை ஐந்தரைக்குப் போளூரில் ஜமுனாமரத்தூர் பேருந்து ஏறினேன். டிக்கெட் நாற்பத்தைந்து ரூபாய். மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மலையில் ஒரு சின்னச் சபையில் பிரசங்கம் செய்ய அழைத்திருந்தார்கள். நான் படித்துப் பட்டம் வாங்கிய போதகன் இல்லை, பஞ்சர் ஒட்டுகிறவன். கொஞ்சம் வாய் உண்டு, அவ்வளவுதான்.

ஏழரை மணி. ஜமுனாமரத்தூரிலிருந்து ஆறு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நூறு ரூபாய். சபைக்குப் போகும் பாதையை அண்ணாமலை என்பவர் முள் வெட்டிப் போட்டு மறித்துவிட்டதாகவும், சபைக்காரர்கள் ஒரு வருடமாகச் சுற்றுவழியில் போவதாகவும் ஆட்டோக்காரர் சொன்னார். "உங்க ஆளுங்களுக்கு இன்னா, கோவமே வராதாங்க?" என்றும் கேட்டார். எனக்கு வரும்.

எட்டு மணிக்குப் பத்தடிக்கு அப்பால் எல்லாம் பனி. சபை ஓர் ஓட்டு வீடு. வாசலில் பதினான்கு ஜோடி செருப்பு கிடந்தது. உள்ளே ஒருவரும் இல்லை. பாய் விரித்தபடி, பாட்டுப் புத்தகம் திறந்தபடி. ஒரு டம்ளர் டீயில் இன்னும் ஆவி. "ஐயா, அம்மா" என்று கூப்பிட்டேன். என் குரல் எனக்கே யாருடையதோ போலிருந்தது.

பின்பக்க ஈரமண்ணில் வெறுங்கால் தடங்கள் மேட்டில் ஏறின. அதைப் பிடித்துக்கொண்டு போனேன். மரங்களுக்கு நடுவே ஆட்கள் வரிசையாக, பேச்சில்லாமல் நின்றார்கள். சபையை நடத்தும் எஸ்தர் என் காலைத்தான் முதலில் பார்த்தார். "செருப்பக் கழட்டிடுங்க ஐயா. இது ஊர்க்காரங்க சாமி காடு."

நடந்தது இதுதான். கடுக்காய் பொறுக்கப் போன அண்ணாமலை, முள் போட்ட அதே அண்ணாமலை, நேற்றுப் பகலிலிருந்து வீடு திரும்பவில்லை. ஊரார் ஓடைப்பக்கம் தேடப் போயிருந்தார்கள். அவர் மனைவி சின்னப்பொண்ணு ஆராதனை நடுவே வாசலில் வந்து நின்றிருக்கிறார். பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

பேர் சொல்லிக் கூப்பிடலாமே என்றேன். சின்னப்பொண்ணு பதறிவிட்டார். "வேணாங்க. பனியில பேர் சொன்னா வேற ஒண்ணு பதில் சொல்லும்."

நமக்கு அந்தப் பயம் கிடையாதே என்று எஸ்தரின் காதில் சொன்னேன்.

"நமக்கு இல்ல. அவங்களுக்கு இருக்குதே" என்றார்.

ஒன்பதரை வரை கோலால் புதரைத் தட்டித் தட்டித் தேடினோம். அவருடைய துண்டு மட்டும் கிடைத்தது, விறைத்துப்போய். ராத்திரி முழுக்கப் பனியில் கிடந்த மனிதன் இன்னும் எவ்வளவு நேரம் தாங்குவான்? என் வாயைக் கட்ட முடியவில்லை. "அண்ணாமலை" என்று கத்திவிட்டேன்.

மேலேயிருந்து "ஓ" என்றது ஒரு குரல். அது அடங்குமுன் கீழே பள்ளத்திலிருந்து அதே குரல்.

சின்னப்பொண்ணு அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒருவரும் அசையவில்லை. எஸ்தர்தான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "நான் மேல போறேன். நீங்க கீழ பாருங்க. எது கூப்ட்டிருந்தாலும் போய்த்தான் பாக்கணும்." தனியாகவே பனிக்குள் ஏறிப் போனார்.

பள்ளத்தில், பாறை இடுக்கில் அண்ணாமலை கிடந்தார். கால் முறிந்திருந்தது, உதடு நீலம். உயிர் இருந்தது. கம்பளியை டோலியாகக் கட்டினோம். சின்னப்பொண்ணு பிளாஸ்க்கில் கொண்டுவந்திருந்த வெந்நீர் இரண்டு மடக்கு இறங்கியபின் முனகினார். "பேரு காதுல வுழுந்துச்சி. பதில் சொல்ல நாக்கு எழும்பல."

அப்போது குரல் கொடுத்தது யார்? எஸ்தர் இறங்கி வந்தார். "மேல ஒருத்தரும் இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு டோலியின் ஒரு முனையைப் பிடித்தார்.

பகல் ஒரு மணிக்கு ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரியில், பிழைத்துக்கொள்வார் என்றார் டாக்டர். அன்று பிரசங்கமும் இல்லை, காணிக்கையும் இல்லை. அண்ணாமலை வூட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்ட ஆளில்லை என்று சபைக்காரர்கள் அப்படியே திரும்பிப் போய்விட்டார்கள்.

மூன்று மணிப் பேருந்தில் மலை இறங்கும்போது அந்த இரண்டு குரலையும் நினைத்தேன். இன்றுவரை விடை இல்லை. 'வாய் சர்க்கரை, கை கருணைக்கிழங்கு' என்பார்கள் எங்கள் பக்கம். பிறனை நேசி என்று ஊர் ஊராகப் பேசுகிறவன் நான். ஆறு வருடமாக என் எதிர்வீட்டில் ஒருவர் தனியாக இருக்கிறார். அவர் தொலைந்துபோனால் எதைச் சொல்லிக் கூப்பிடுவேன்? பேர் தெரியாது.

தெருவுக்குள் நுழைந்ததும், என் வீட்டுக்குப் போகாமல் அந்தக் கதவைத் தட்டினேன். மறுபடியும் தட்டினேன். பிறகு உள்ளேயிருந்து, அதிகம் பேசிப் பழகாத ஒரு குரல் கேட்டது. "யாருங்க?"