பூஜையில் வைத்த பலகை

எனக்கு வாய் நீளம். எங்கள் வீட்டில் எல்லோருக்குமே அப்படித்தான். திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து தி.நகரில் ஜவுளிக்கடை போட்ட குடும்பம். காலையில் ஷட்டரைத் தூக்கினால் பேச்சுதான் பிழைப்பு. அப்படிப்பட்டவள் பேச முடியாத பிள்ளைகளுக்கு டீச்சராகப் போகிறேன் என்றதும் அப்பா, "இவ வாய்க்கு அந்தப் பிள்ளைங்கதான் சரி, எதுத்துப் பேசாதுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

கோபாலபுரத்தில் ஒரு பழைய பங்களாவின் கீழ்த்தளம்தான் பள்ளிக்கூடம். தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. பேசும் கருவி, கம்ப்யூட்டர் என்று எதுவும் எங்கள் கைக்கு வராத காலம். நாங்களே பலகை செய்வோம். வீல்சேரின் கைகளுக்குக் குறுக்கே உட்காருகிற மாதிரி ப்ளைவுட்டை அறுத்து, கட்டம் கட்டமாகப் படம் ஒட்டி, கீழே வார்த்தை எழுதி, மேலே கண்ணாடித் தாள் போட்டுவிடுவோம். பிள்ளை எந்தக் கட்டத்தில் கை வைக்கிறதோ, அதுதான் அது பேசுகிற பேச்சு.

என் வகுப்பில் மயிலாப்பூரிலிருந்து ஒருத்தி வந்தாள். பதினோரு வயது. பிறக்கும்போதே மூளையில் பட்ட அடி. கை கால் முறுக்கிக்கொள்ளும், நாக்கு சொன்னபடி கேட்காது. ஆமாம் என்றால் அண்ணாந்து பார்ப்பாள். இல்லை என்றால் கண்ணை இறுக்கி மூடுவாள். மற்றதெல்லாம் பலகைதான். மூடிய வலது முஷ்டியை இழுத்து இழுத்துக் கொண்டுபோய் வைப்பாள். இரண்டே மாதத்தில் நாற்பது கட்டமும் அவளுக்கு அத்துப்படி. ஒருநாள் நான் புதுப்புடவையில் போய் நின்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு முஷ்டியை 'வேண்டாம்' கட்டத்தில் வைத்தாளே பார்க்கணும்! ஜவுளிக்கடைக்காரர் பெண்ணுக்கே புடவை பாடம். அவள் சிரித்த சிரிப்பில் வீல்சேரே ஆடியது.

வீட்டில்தான் தகராறு. வாசல் தாண்டியதும் பலகை கதவுக்குப் பின்னால் போய்விடும். கேட்டால் அவள் அம்மா, "ஆத்துக்கு வரவாள்லாம் அந்தப் பலகையைத்தான் டீச்சர் பாக்கறா, கொழந்தையைப் பாக்க மாட்டேங்கறா. அவ மொகத்தைப் பாத்தாலே நேக்குத் தெரியும். பலகை எதுக்கு?" என்பார். நல்ல மனுஷிதான். பதினோரு வருஷமாகத் தூக்கிச் சுமக்கிறவர். ஆனால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

சரஸ்வதி பூஜை லீவு விடுகிற அன்றைக்கு, அவளைக் கூட்டிப்போக வந்த அம்மாவைப் பள்ளிக்கூட வாசலில் மடக்கிவிட்டேன். "மாமி, பூஜைக்குப் புஸ்தகம் வைப்பீங்கல்ல? வீணை வைப்பீங்கல்ல? இந்தப் பலகையையும் வைங்க. இதுதான் அவ புஸ்தகம், இதுதான் அவ நாக்கு. அப்பவாச்சும் இதுக்கு உங்க வீட்ல ஒரு மரியாதை வரட்டும்." மாமிக்குக் கண் கலங்கிவிட்டது. "கட்டாயம் வெக்கறேன் டீச்சர்" என்று பலகையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஜெயித்துவிட்டேன் என்று நினைப்பு எனக்கு. பஸ்ஸில் எனக்கு நானே சிரித்துக்கொண்டு போனேன்.

பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாது. எங்கள் கடையில் கத்தரிக்கோலும் மீட்டர் கம்பியும் சாமி முன்னால் போய்விட்டால், மறுநாள் காலைப் பூஜை முடிகிற வரைக்கும் அண்ணன் ஒரு ரவிக்கைத் துணி கிழித்துத் தரமாட்டான். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். எனக்குத் தெரியாதா? பாவி, அந்த நேரத்தில் புத்திக்கு எட்டவில்லையே. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது நான் இல்லை.

மற்றதை மாமி ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துச் சொன்னார். பூஜையன்று காலையிலேயே அவள் முனக ஆரம்பித்திருக்கிறாள். வீடு முழுக்கக் கொலு பார்க்க வந்தவர்கள். உடம்பு முறுக்கிக்கொள்வது அவளுக்கு என்றைக்கும் உள்ளதுதானே என்று விட்டிருக்கிறார்கள். "பசிக்கறதா, பாத்ரூமா, தூக்கம் வரதான்னு கேட்டேன். எல்லாத்துக்கும் கண்ணை மூடிண்டா. வேற என்ன கேக்கறதுன்னு நேக்குத் தோணலை டீச்சர். பூஜை வெச்ச எடத்தையே பாத்துண்டிருந்தா. வந்தவாள்லாம், கொழந்தை அம்பாளை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டேங்கறதே, என்ன பக்தின்னா. நேக்குப் பெருமையா இருந்தது."

ஒருதடவை அந்தப் பக்கம் முஷ்டியை நீட்டியும் இருக்கிறாள். மாமி மெதுவாகப் பிடித்து மடியில் வைத்து, "நாளைக்கு எடுத்துத் தரேண்டி கொழந்தே, இன்னிக்குத் தொடப்படாது" என்று சொல்லியிருக்கிறார்.

மறுநாள் காலை பூஜை முடித்து, சுண்டல் நைவேத்தியம் பண்ணி, பலகையைக் கொண்டுவந்து சேரில் பொருத்தினபோது உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. கை எழும்பவில்லை. குடல்வால் வெடித்துச் சீழ் வயிறெல்லாம் பரவியிருந்தது. "எப்போலேருந்து வலி? குழந்தை சொல்லலையா?" என்று டாக்டர் கேட்டாராம்.

நான் போய்ப் பார்த்தது பன்னிரண்டு நாள் கழித்து. அதுவரை யாரையும் உள்ளே விடவில்லை. மாமி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க சொன்னபடிதானே டீச்சர் பண்ணினேன்" என்றார். நிஜமாகவே கேட்கிறார், குத்திக் காட்டவில்லை. அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

உள்ளே அவள் தலையணையில் சாய்ந்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். கட்டிலுக்கு அடியில் துணிப்பையில் பலகை இருந்தது. நான்கு மூலையிலும் சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடந்தன. வலது மூலைக் கட்டம் 'வலி'. தைல விளம்பரத்திலிருந்து நான் வெட்டி ஒட்டிய படம், நெற்றியைப் பிடித்துக்கொண்டிருக்கிற ஒரு ஆள். அவன் முகமே தெரியாமல் சந்தனம் அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டி, முந்தானையால் துடைத்து, பலகையை அவள் மடிக்குக் குறுக்கே வைத்தேன்.

"என்னடி சொல்லணும்? டீச்சரைத் திட்டணுமா? திட்டு."

முஷ்டி மெல்ல நகர்ந்தது. வலது மூலைக்குப் போய் 'வலி'யில் நின்றது.

"இப்ப வலிக்குதா? நர்ஸைக் கூப்பிடவா?"

கண்ணை இறுக்கி மூடினாள். இல்லை.

கையை எடுத்து மறுபடி அங்கேயே வைத்தாள். "எங்கடி வலிக்குது? தையல் போட்ட இடமா?" மறுபடியும் கண்ணை மூடினாள். எனக்குப் புரியவில்லை. மூன்றாம் தடவை வைத்துவிட்டு, என்னை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

மாமிதான் கேட்டார். "அன்னிக்காடி?"

அவள் அண்ணாந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். முஷ்டியை எடுக்கவில்லை.