இருபத்திரண்டு கடைகளும் ஒரு மதிப்பெண் தாளும்

நெலிதா லிமாச்சிக்குக் கை சும்மா இருக்காது. பஸ்ஸில் முன்சீட்டுக்காரரின் சட்டைக் காலர் மடங்கியிருந்தால் இவள் கை தானாக நீண்டு அதைச் சரிசெய்துவிடும். அவர் திரும்பி முறைக்கும்போதுதான் இவளுக்கே தெரியவரும். பெரு நாட்டின் புனோ ஊர்ச் சந்தையில் உருளைக்கிழங்கு விற்கும் அவள் அம்மா சொல்வதுண்டு: "உன்னைப் பெத்தப்ப நர்ஸ் எண்ணிப் பாத்துட்டு ரெண்டே கைதான்னு சொன்னா. எனக்கு இன்னிக்கு வரைக்கும் நம்பிக்கை வரல."

அந்தக் கைதான் அவளுக்கு அரை வருஷத்தைத் தின்றது. மழலையர் பள்ளி ஆசிரியைக்கான படிப்பு. கடைசி ஆண்டில் ஒரு பள்ளிக்குப் போய்ப் பயிற்சி எடுக்க வேண்டும். இருபதுக்குப் பதினொன்று வாங்கினால் தேர்ச்சி. நெலிதாவுக்குக் கிடைத்தது பத்து. பிள்ளைகள் அடுக்கிய கோபுரம் கோணலாக இருந்தால் நிமிர்த்திவிடுவாள். பொம்மைக்குச் சட்டையைத் தலைகீழாக மாட்டினால் கழற்றி நேராக மாட்டுவாள். அடுப்பே பற்றவைக்காமல் சூப் குடித்தவர்களைப் பிடித்துவைத்து அடுப்பு மூட்டச் சொன்னாள். கண்காணிக்க வந்திருந்த பர்ரேதா மேடம் அறிக்கையில் இரண்டே வரி எழுதினார்: "விளையாட்டு மிக அழகாக இருந்தது. விளையாடியது மாணவ ஆசிரியை."

இரண்டாவது வாய்ப்பு வேறொரு பள்ளியில் கிடைத்தது, ஏரி தெரியும் மேட்டுத்தெருவில். இதிலும் தவறினால் படிப்பை மூட்டைகட்ட வேண்டியதுதான்.

அங்கே தினமும் காலையில் ஒரு மணிநேரம் பிள்ளைகளின் சொந்த விளையாட்டு. என்ன விளையாடுவது, யாரோடு, எப்படி என்பதெல்லாம் அவர்கள் பாடு. ஆசிரியை பார்க்கலாம். கூப்பிட்டால் போகலாம், போனாலும் அவர்கள் சொன்ன வேஷத்தை மட்டும் கட்ட வேண்டும். மார்ச்சில் பள்ளி திறந்ததிலிருந்து நெலிதா அந்த ஒரு மணிநேரமும் இரண்டு கைகளையும் மேலங்கிப் பைக்குள் திணித்துக்கொண்டு நின்றாள். பைக்குள் விரல்கள் ஒன்றையொன்று பிறாண்டிக்கொள்ளும். முதல் வாரம் நாக்கைக் கடித்துக் கடித்துப் புண்ணே வந்தது. ஏப்ரலில் கொஞ்சம் பழகியது. பிள்ளைகளும் இதைக் கவனித்துவிட்டார்கள். ஐந்து வயது யாமிலெத், தன்னைக் கூட்டிப்போக வந்த அப்பாவிடம் விளக்கினாள்: "விளையாடறப்ப டீச்சருங்க பேசக்கூடாது. கைய பாக்கெட்ல போட்டுக்கணும். அதான் சட்டம்."

மே முதல் வாரம் பர்ரேதா மேடம் வந்தார். கறுப்புக் கம்பளிக் கோட்டு, அக்குளில் ஒரு கோப்பு.

"பயப்படாதம்மா, அவங்க என்ன கடிச்சா வெச்சிருவாங்க? எழுதுவாங்க, அவ்ளோதான்" என்றார் வகுப்பு ஆசிரியை நோர்மா.

"கடிச்சாக்கூடத் தேவல டீச்சர். மருந்து போட்டா ஆறிடும்."

வகுப்பில் பெரியவர்களுக்கென்று நாற்காலி கிடையாது. மேடம் பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தார். முழங்கால் மோவாயைத் தொட்டது. கோப்பைத் திறந்து சிவப்பு மைப் பேனாவை எடுத்தார்.

பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராகத் தங்கள் விளையாட்டைச் சொன்னார்கள். மற்ற நாளில் வீடு, மருத்துவமனை, லாரி என்று ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். அன்று இருபத்திரண்டு பேரும் ஒரே குரலில் "அலாசிதா!" என்றார்கள். ஊரில் அந்த வாரம் அலாசிதா சந்தை. வீடு வேண்டுமென்றால் கட்டைவிரல் அளவில் ஒரு வீடு, லாரி வேண்டுமென்றால் தீப்பெட்டி அளவில் ஒரு லாரி, கல்லூரிப் பட்டம் வேண்டுமென்றால் தபால்தலை அளவில் ஒரு பட்டம். வாங்கிப் புகை காட்டி வீட்டில் வைத்தால் வருஷத்துக்குள் நிஜமாகவே வந்துசேரும் என்பது கணக்கு. பெரியவர்களே பொம்மை வாங்கும் வாரத்தில் பிள்ளைகள் வேறென்ன விளையாடுவார்கள்?

ஐந்து நிமிஷத்தில் சந்தை தயார். தரையில் இருபத்திரண்டு துணிகள் விரிந்தன. அட்டைப்பெட்டி வீடுகள், களிமண் ரொட்டிகள், மூடியில் செய்த பானைகள், காகிதத்தில் கிறுக்கிய பட்டங்கள். இருபத்திரண்டு கடைக்காரர்களும் சம்மணம் போட்டு உட்கார்ந்து கூவத் தொடங்கினார்கள்.

"வாங்கக்கா வாங்க! மாடி வீடு, மாடி வீடு!"

"லாரி வாங்கலியோ லாரி! டிரைவரோட சேத்துத் தரேன்!"

"சூடான ரொட்டிண்ணே, தொட்டா சுடும்!"

ஒருவரும் வரவில்லை. எப்படி வருவார்கள்? எல்லோருமே கடை போட்டிருந்தார்கள். கூவல் உயர்ந்தது, பிறகு கத்தலானது. லாரிக்கடை வில்பர் அழவே ஆரம்பித்துவிட்டான்.

"யாருமே வாங்க மாட்டேங்கறாங்க!"

"நீ வந்து எங்கிட்ட வாங்கேன்டா" என்றாள் பக்கத்துக்கடை யாமிலெத்.

"நான் வந்துட்டா என் கடைய யாரு பாத்துக்குவா? உங்க தாத்தாவா?"

பாதிப் பேர் அந்த மேட்டுத்தெருச் சந்தைக்காரர்களின் பிள்ளைகள். கடையை விட்டு எழுந்தால் என்னவாகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

நெலிதாவுக்கு மூன்றாவது நொடியிலேயே வழி தெரிந்துவிட்டது. பதினொரு பேர் விற்கட்டும், பதினொரு பேர் வாங்கட்டும். ஒரு வாக்கியம் போதும். அது தொண்டை வரை வந்து முட்டிக்கொண்டு நின்றது. பைக்குள் முஷ்டியை இறுக்கினாள். வில்பரின் மூக்கு வேறு ஒழுகியது. துடைக்க மனம் துடித்தது. ஒரு நிமிஷம் போனது. இரண்டு நிமிஷம். எதிரே சிவப்புப் பேனா எழுதிக்கொண்டே இருந்தது.

சட்டென்று பேனா நின்றது. பர்ரேதா மேடம் முன்னால் சாய்ந்தார்.

"பிள்ளைங்களா, பாதிப் பேர் விக்கலாம், பாதிப் பேர் வாங்கலாம் இல்ல?"

சந்தை மொத்தமும் வாயை மூடியது. யாமிலெத் எழுந்து, இடுப்பில் கைவைத்தபடி மேடத்தின் முன்னால் போய் நின்றாள்.

"நீங்களும் டீச்சரா?"

"ஆமாம்."

"அப்ப உங்களுக்குத் தெரியாதா? விளையாடறப்ப டீச்சருங்க பேசக்கூடாது. கைய பாக்கெட்ல போட்டுக்கோங்க."

மேடம் திகைத்தார். பிறகு பேனாவைக் கோப்பின் மேல் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார். நோர்மா டீச்சர் ஜன்னல் திரைக்குள் முகத்தைப் புதைத்து இருமினார். அது இருமல் இல்லை.

அந்த அமைதியில் ஜோசுவே பேசினான். அவன் அதிகம் வாயைத் திறக்காதவன். "எங்க சித்தி சந்தைக்குப் போறப்ப காசே கொண்டு போக மாட்டாங்க. ஏரி மீன் கொண்டு போவாங்க. மீனைக் குடுத்துட்டுக் கிழங்கு எடுத்துட்டு வருவாங்க."

"அப்ப கடைய யாரு பாத்துக்குவா?" என்றான் வில்பர்.

"கடை முதுகுலதான இருக்கும்!"

அவ்வளவுதான். வில்பர் மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டு, லாரிகளோடு துணியை முடிந்து முதுகில் கட்டினான். எல்லோரும் கட்டினார்கள். இருபத்திரண்டு கடைகளும் எழுந்து நடந்தன. ஒரு லாரிக்கு மூன்று ரொட்டி, ஒரு வீட்டுக்கு இரண்டு பானை. வக்கீல் பட்டத்தைக் கொடுத்துவிட்டு ஒரு களிமண் கோழியை வாங்கிய பெண், "கோழி முட்டையாவது போடும்" என்று காரணமும் சொன்னாள். நெலிதாவின் அந்த ஒரு வாக்கியம் வெளியே வந்திருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது.

வில்பர் மேடத்திடம் போனான். "உங்ககிட்ட என்ன சரக்கு இருக்கு?"

"எங்கிட்ட ஒண்ணும் இல்லையேப்பா." கூப்பிட்டுவிட்டான், இனி பேசலாம்.

"பேப்பர் இருக்கே!"

மேடம் கோப்புக்குள் கைவிட்டு, என்னவென்று பார்க்காமலே ஒரு தாளை உருவி, மடித்து மடித்துப் படகு செய்தார். வில்பர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மூழ்குமா?"

"மூழ்கவே மூழ்காது. நான் பொறுப்பு."

லாரிக்கு மாற்றி வாங்கியிருந்த ஒரு தீப்பெட்டி மாடி வீட்டைக் கொடுத்துவிட்டுப் படகை வாங்கிக்கொண்டு ஓடினான். நெலிதாவைக் கடந்தபோது படகின் பக்கவாட்டில் சிவப்பு எழுத்து தெரிந்தது: "லிமாச்சி, நெலிதா." அதன் கீழே ஓர் எண். முதல் இலக்கம் ஒன்று. இரண்டாவது இலக்கம் மடிப்புக்குள் போயிருந்தது.

பத்தா? பதினைந்தா? படகு வில்பரிடமிருந்து ஜோசுவேக்குப் போய், இரண்டு பானைகளுக்காக வேறொருத்தியிடம் போய், ஒரு கழுதைக்காக மறுபடி வில்பரிடமே வந்தது. அவன் அதைத் தூக்கிக்கொண்டு நேராகத் தண்ணீர்த் தொட்டிக்குப் போனான்.

நெலிதாவின் ஒரு கால் முன்னால் வந்தது. நின்றது. அவனுடைய படகு. விலை கொடுத்து வாங்கியிருக்கிறான். காலை அவள் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

படகு மிதந்தது. சிவப்பு மை மெல்லக் கரைந்து தண்ணீரில் இழை இழையாக விரிந்தது.

"டேய், எல்லாரும் வாங்கடா! ஏரில சூரியன் முங்குது!" என்று வில்பர் கத்தினான். சந்தை மொத்தமும் தொட்டியைச் சுற்றிக் கூடி வாய்பிளந்து பார்த்தது. நெலிதாவும் எட்டிப் பார்த்தாள். நிஜமாகவே அழகாகத்தான் இருந்தது.

மணி அடித்துப் பிள்ளைகள் சாமான்களை எடுத்துவைத்தபோது மேடம் கோப்பைப் புரட்டினார். இரண்டாவது முறையும் புரட்டினார்.

"நெலிதா, இங்க ஒரு தாள் இருந்துச்சே..."

"அது ஏரில இருக்கு மேடம்."

"அது உங்க மார்க்குன்னு தெரியுமா?"

"தெரிஞ்சுது மேடம். பேரு வெளிய தெரிஞ்சுது."

"அப்ப ஏன் எடுக்கல?"

"அது வில்பரோடது மேடம். நீங்கதான் அதுக்கு வீடு வாங்கிட்டீங்களே."

மேடம் தன் உள்ளங்கையைப் பார்த்தார். மாடி வீடு அங்கேயே இருந்தது. முதலில் தோள்தான் குலுங்கியது. பிறகு குட்டி நாற்காலி கிறீச்சிட, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"அதுல எவ்வளவு போட்டிருந்தேன்னு கேக்க மாட்டீங்களா?"

"சொல்லுவீங்களா?"

"மாட்டேன். அது பழைய கதை."

புதுத் தாளில் எழுதி, கையெழுத்துக்காக நீட்டினார். பதினெட்டு. அதற்குக் கீழே, ஆசிரியை தலையிட்ட இடங்கள் என்ற கட்டத்தில்: "மாணவ ஆசிரியை, இல்லை. கண்காணிப்பாளர், ஒரு முறை, கண்டிக்கப்பட்டார்."

நெலிதா அதை மூன்று தடவை படித்தாள். அவள் முழங்கைக்கு அடியிலிருந்து ஓர் ஈரக்கை தாளை நோக்கி வந்தது.

"டீச்சர், இதையும் படகு பண்ணலாமா? அங்க ஒரே படகுதான் இருக்கு, பாவம்."

"டேய் வில்பர்! தொட்டே, அவ்ளோதான்! இது மட்டும் தர மாட்டேன்!"

தாளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் முற்றத்துக்கு ஓடினாள். இருபத்திரண்டு பேரும் கூச்சலிட்டபடி பின்னாலேயே ஓடினார்கள்.