மூன்றாவது ஊசி

நூலகத்தின் இரண்டாம் மாடியில் இசை கேட்கும் அறை இருக்கிறது. அங்கே இசைத்தட்டு ஓட்டும் பெட்டி ஒன்று, ஹெட்போன் ஒன்று, நான்கு அலமாரி நிறையத் தட்டுகள், எல்லாவற்றுக்கும் காவலாக ஒரு பெண்மணி. சம்பளப் பதிவேட்டில் அவள் உதவியாளர். வருகிறவர்கள் வாயில் 'தொடாதேக்கா'. பெயர் சும்மா வரவில்லை. 'ஊசியைத் தொடாதீர்கள்' என்று கொட்டை எழுத்தில் நான்கு அட்டை எழுதி மாட்டியிருக்கிறாள். அதைப் படித்துவிட்டு, "எந்த ஊசி, இதுவா?" என்று விரலை நீட்டிக்கொண்டு வருகிறவர்களை என்னதான் செய்வது?

இருபது வருடமாக அவளும் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்கிறாள். ஊசிமுனை கடுகைவிடச் சின்னது. அதைத் தாங்கும் தண்டு முடிக்கும் கம்பிக்கும் நடுவில் ஏதோ ஒன்று. விரல் கூடாது, துணி கூடாது, வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். முதலில் சத்தத்தை அடைக்க வேண்டும், பிறகு ஊசியைத் தாங்கும் பெட்டியின் கையைப் பூட்ட வேண்டும், அப்புறம் மெல்லிய பிரஷால் பின்னாலிருந்து முன்னால், தட்டு ஓடுகிற திசையில் மட்டும் இழுக்க வேண்டும். எதிர்த்திசையில் இழுத்தால் தண்டு முறிந்துவிடும். இதில் புரியாதது என்ன இருக்கிறது? எல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு.

இந்த வருடம் முதல் ஊசியைப் பாட்டு வாத்தியார் ஒருவர் கட்டைவிரலால் வழித்து முறித்தார். "தூசியா இருந்துச்சும்மா, உங்களுக்கு உதவியா இருக்கட்டும்னு..." என்று இளித்தார். இரண்டாவது ஊசிக்கு எமனாக வந்தது தரை துடைக்கும் பெண்ணின் ஈரத்துணி. "பளபளன்னு ஆயிடுச்சு பாருக்கா!" என்று அவள் பெருமையாகச் சொன்னபோது தொடாதேக்காவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

தலைமை நூலகர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். மூன்றாவது ஊசியை மேசைமேல் வைத்தார்.

"இதுவும் போச்சுன்னா அறையை மூடிடுவேன். நீங்க பழைய பேப்பர் அறைக்குப் போயிடலாம்."

பழைய பேப்பர் அறை! வேலையில் சேர்ந்த புதிதில் அவள் ஆறு வருடம் அங்கேதான் கிடந்தாள். தூசி ஆகாத உடம்பு. தும்மித் தும்மி மூக்கு மிளகாய்ப் பழமாகும், ராத்திரி மூச்சு இழுக்கும். மறுபடி அங்கே போவதற்கு வேலையையே விட்டுவிடலாம்.

அன்றே கண்ணாடி மூடி செய்து, பூட்டுப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். தட்டை அவளே வைப்பாள், அவளே எடுப்பாள். வீட்டிலும் பேச்சு இதுவாகவே இருந்ததால், அவள் கணவர் தம்ளரை எடுக்கும்போதுகூட, "இதைத் தொடலாமா?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்வார்.

மூன்று மாதம் ஊசி பத்திரமாக இருந்தது. யாராவது, "சத்தம் மங்கலா இருக்கே" என்றால், "பழைய ரெக்கார்டு அப்படித்தான் இருக்கும்" என்று வாயை அடைத்தாள். அவள் அந்த ஹெட்போனை மாட்டிக் கேட்டதே கிடையாது. ஊரார் தலையெண்ணெயெல்லாம் அதில்தான் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை தோறும் மத்தியானம் ஒரு கார் மெக்கானிக் வருவார். அறுபதை நெருங்கும் வயது. என்ஜின் சத்தத்தைக் கேட்டே அதன் வியாதியைச் சொல்லிவிடுவார் என்று பெயர். எப்போதும் ஒரே தட்டு, புல்லாங்குழல். கடைசியில் சின்ன மணி ஒன்று மூன்று முறை ஒலிக்கும். அதற்காகவே கேட்பார். "அந்த மணி கேக்குற வரைக்கும் எந்த வண்டியும் என்னை ஏமாத்த முடியாதும்மா" என்பார். ஆரம்பத்தில் சத்தத்தை நாலில் வைப்பார். பிறகு ஆறு, எட்டு. இப்போது பத்து. பத்துக்கு மேல் எண் இல்லை.

போன மாதம் அவர் வாய்விட்டே கேட்டார். "மணி கேக்கலையேம்மா?"

"வயசாகுதுல்ல அண்ணே. காதுதான்" என்றாள், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

இந்த வெள்ளிக்கிழமையும் வந்தார். கேட்டு முடித்துவிட்டு, ஹெட்போனைக் கழற்றாமல் கழுத்தில் சரியவிட்டுக்கொண்டு ஜன்னலைப் பார்த்து நின்றார்.

"பட்டறையில காலையில சொல்லிட்டேன். நாளையிலேர்ந்து வரலைன்னு. காது போன மெக்கானிக்கை நம்பி யாரு வண்டி விடுவாங்க? என் ஸ்பானர் பெட்டியைப் பசங்க பங்கு போட்டுக்கட்டும்."

 கண்ணாடி மூடியைப் பூட்டப் போனாள். சாவி நழுவி கால்மிதியில் விழுந்தது. குண்டுமணி அளவு சாவி.

"சாவி விழுந்துடுச்சு பாருங்கம்மா" என்றார் அவர், திரும்பாமலே.

குனிந்தவள் அப்படியே நின்றாள். கால்மிதியில் சாவி விழுந்தது கேட்கிறது, ஹெட்போனில் மணி கேட்கவில்லையா?

"அதைக் குடுங்கண்ணே" என்று ஹெட்போனை வாங்கினாள். எண்ணெயாவது ஒன்றாவது. சத்தத்தை நாலுக்கு இறக்கி, தட்டை ஓடவிட்டுக் கேட்டாள். யாரோ போர்வைக்குள் படுத்துக்கொண்டு குழல் ஊதுவது போலிருந்தது. பூதக்கண்ணாடியை எடுத்து ஊசியைப் பார்த்தாள். முனையே தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் தூசித் தாடி வளர்ந்திருந்தது.

தினமும் காலையில் பிரஷ் போட்டவள்தான். மூன்றாவது ஊசி வந்த நாளிலிருந்து பயத்தில் ஒருமுறைகூடப் போடவில்லை. சூடு கண்ட பூனை. இத்தனை நாள் ஊரையே கரித்துக் கொட்டினாளே, அந்த வாயை எங்கே கொண்டுபோய் வைப்பாள்? தன்மேல் வந்த எரிச்சலில் கை நடுங்கியது. நடுங்கும் கையோடு ஊசியைத் தொட்டால் பேப்பர் அறைதான். தொடாவிட்டால் இந்த மனுஷர் பிழைப்பு போயிற்று.

"கை ஆடுதே. குடுங்க, நான் பண்றேன்" என்றார் மெக்கானிக்.

"தொடாதீங்க!" என்றாள். "இதை மாட்டிக்கிட்டு உக்காருங்க."

அவர் உட்கார்ந்து, மாட்டிக்கொண்டு, வழக்கம்போல் சத்தம் கூட்டும் திருகைப் பத்துக்குத் திருப்பினார். அவள் அதைப் பார்க்கவில்லை. தட்டை நிறுத்தினாள், கையைப் பூட்டினாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னாலிருந்து முன்னால் ஒரே ஒரு இழுப்பு.

"ஐயோ!" மெக்கானிக் துள்ளி எழுந்ததில் நாற்காலி மல்லாந்தது. ஹெட்போனைப் பிய்த்து எறிந்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார். "இடி விழுந்துச்சும்மா காதுல!"

சத்தத்தை அடைக்கவில்லை! ஊருக்குத்தான் உபதேசம்.  பூதக்கண்ணாடியில் பார்த்தாள். ஊசி சுத்தமாக, நேராக நின்றது.

திருகை இறக்கிவிட்டுத் தட்டின் கடைசிப் பகுதியில் ஊசியை வைத்தாள். அவர் பயந்துகொண்டே ஹெட்போனை மாட்டினார். கண்ணை மூடினார். கொஞ்ச நேரம் கழித்து அவருடைய விரல் மேசையில் தட்டியது. ஒன்று. இரண்டு. மூன்று.

கண்ணைத் திறந்து திருகைப் பார்த்தார். நாலில் இருந்தது.

"என் காதுன்னு சொன்னீங்களே" என்றார்.

"சொன்னேன்."

"மூணு மாசமாம்மா! ராத்திரியெல்லாம் தூங்காம என் காதைத் திட்டிக்கிட்டு இருந்தேன். ஏம்மா துடைக்கலை?"

யாரைக் குற்றம் சொல்வது? வாத்தியாரையா, ஈரத்துணியையா? "பயந்துட்டேண்ணே" என்றாள்.

திட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் அதற்குக்கூட நிற்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு ஓடினார். அங்கே 'அமைதி காக்கவும்' என்று அவள் எழுதிய அட்டையின் அடியில் நின்று, கட்டடமே அதிரக் கத்தினார்.

"டேய்! என் ஸ்பானர் பெட்டியைத் தொடாதீங்கடா!"

கீழே தலைமை நூலகரின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. தொடாதேக்கா சாய்ந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்தாள். கத்தாதீர்கள் என்று அவரிடம் சொல்லப் போகவில்லை.