பார்த்துவிட்டுப் போட்ட ஓட்டு

என் அப்பா தாமோதரன் பதினொரு வருடம் ஒரு கதவைத் திறந்து மூடினார். உத்திரமேரூரில் பழைய விதைக் கிடங்கு ஒன்றை ஓர் அறக்கட்டளை வாங்கி அருங்காட்சியகமாக்கியது. அங்கே அவர் உதவியாளர். காலை பத்து மணிக்குத் திறக்க வேண்டும், மாலை ஐந்து மணிக்குப் பூட்ட வேண்டும், திங்கள் விடுமுறை. இடையில் கண்ணாடி துடைப்பார், தொடாதே என்று சொல்வார். போன ஆகஸ்டில் இறந்தார். மாரடைப்பு. வயது அறுபத்தொன்று.

அருங்காட்சியகத்தின் ஆண்டு மலருக்கு அவரைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். எனக்கு மென்பொருள் சோதிக்கும் வேலை. நடந்ததை நடந்த வரிசையில் சொல்லத்தான் தெரியும்.

அவருக்கு ஒரு குறை இருந்தது. அருங்காட்சியகத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் வெளியூர்க்காரர்கள். கோயிலில் கல்வெட்டு பார்க்க வரும் கல்லூரி மாணவர்கள், சென்னையிலிருந்து காரில் வரும் குடும்பங்கள். சுற்றியுள்ள கிராமத்து ஜனம் உள்ளே வரவில்லை. எங்கள் ஊர் மாகறல். வண்டியில் போனால் அரை மணி நேரம். அங்கிருந்து பதினொரு வருடத்தில் வந்தவர்கள் ஆறு பேர். அதில் நானும் அம்மாவும் சேர்த்தி.

"ஒருத்தன் தண்ணி குடிக்க வந்தான். அவனையும் சேத்துதான் ஆறு" என்பார்.

டீக்கடையில் அவரைக் கிண்டல் செய்வார்கள்.

"இன்னாபா தாமு, உள்ள இன்னாதான் கீது?"

"வந்து பாரேன்."

"பொணம் எதுனா வச்சிக்கினு கீறீங்களா?"

"பொணம் இல்ல. பான கீது."

"பான எங்க வூட்லயே கீதே."

அவரும் சிரிப்பார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லும்போது சிரிக்க மாட்டார்.

மூன்று வருடத்துக்கு முன் ஷீபா பொறுப்பாளராக வந்தார். நாகர்கோவில்காரர். என்னைவிட நாலு வயது பெரியவர். வந்த மாதமே ஃபேஸ்புக் பக்கம் தொடங்கினார், வீடியோ போட்டார். ஒரு வீடியோவுக்கு இரண்டாயிரம் லைக் வந்தது.

"இதுல நம்ம பக்கத்து ஜனம் எத்தினி பேர் மேடம்?" என்று அப்பா கேட்டார்.

ஷீபா பார்த்தார். சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர். கடைசியில், "மாகறல்ல இருந்து ஒண்ணு விழுந்திருக்கு அண்ணாச்சி" என்றார்.

"அது நான்தான் மேடம்."

போன வருடம் மாசியில் ஷீபா என்னிடம் ஒரு யோசனை சொன்னார். அருங்காட்சியகத்தின் பின் அறையில் காட்சிக்கு வைக்காத பொருட்கள் நிறைய இருந்தன. அதில் ஐந்தைத் தேர்ந்தெடுப்போம். ஜனங்கள் போனில் ஓட்டுப் போடட்டும். ஜெயித்த பொருள் ஒரு வருடம் வாசல் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும். நான் இரண்டு சனிக்கிழமையில் பக்கத்தைச் செய்து கொடுத்தேன். ஒரு போன் எண்ணுக்கு ஒரு ஓட்டு. ஓடிபி வரும். ஏமாற்ற முடியாது.

ஐந்து வேட்பாளர்கள். மாகறலில் கிணறு தோண்டும்போது கிடைத்த தாழி. காவாந்தண்டலத்து பஞ்சாயத்து ரேடியோ. ராஜகுளத்து ராட்டை. உத்திரமேரூரில் இருந்த இரும்பு வாக்குப்பெட்டி. ஐந்தாவது, வயலில் எலி பிடிக்க வைக்கும் மூங்கில் எலிக்கிட்டி. அது எந்த ஊரிலிருந்து வந்தது என்று குறிப்பு இல்லை.

"அது சுயேச்ச" என்றார் அப்பா.

ஆயிரம் வருடத்துக்கு முன்பே குடத்தில் ஓலை போட்டு ஆள் எடுத்த வட்டாரம் இது. தேர்தல் என்றால் யாரும் சும்மா இருக்க மாட்டார்கள். மாகறலில் என் மாமா கிருஷ்ணசாமி, அம்மாவின் தம்பி, வார்டு மெம்பர். தாழிக்கு அவர்தான் தலைமை. வாட்ஸ்அப் குழு, ஆட்டோவில் மைக், வாழ வைக்கும் தாழி என்று ஃபிளெக்ஸ். கட்டிக்கொடுத்த பெண்களின் புகுந்த வீடுவரை போன் போட்டு ஓட்டுக் கேட்டார். காவாந்தண்டலமும் விடவில்லை. பத்து நாள் நடந்தது. மொத்தம் 4,312 ஓட்டு. தாழி 1,980. ரேடியோ இரண்டாவது. எலிக்கிட்டிக்கு 41. படத்தில் அது உடைந்த குச்சிகள் மாதிரி இருந்தது.

மாகறலில் பட்டாசு வெடித்தார்கள். ஷீபா அறிக்கை எழுத உட்கார்ந்தார். நான் மகிழ்ச்சியாக இருந்தேன். ஒரு பிழைகூட வரவில்லை.

அப்பா பார்வையாளர் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பத்து நாளில் உள்ளே வந்தவர்கள் 94 பேர். அதற்கு முந்தின பத்து நாளில் 97.

அன்று சாப்பிடும்போது கேட்டார். "பாப்பா, இந்த ஓட்ட செல்லாதுன்னு சொல்ல முடியுமா?"

"ஏன் நைனா? எல்லாம் சரிபார்த்த ஓட்டு."

"நீ சரி பாத்த. அவனுங்க பாக்கலியே. தாழி இன்னும் பின் ரூம்ல குப்புற கீது. அதுக்கு ரெண்டாயிரம் ஓட்டு."

"அதுக்குத்தான் நைனா ஆன்லைன். வர வேணாம்ல."

"வரணும்னுதான நாம ஆரம்பிச்சோம்."

நான் பதினைந்து நிமிடம் விளக்கினேன். எங்கிருந்தும் பங்கேற்கலாம் என்பதுதான் இதன் பலம் என்றேன். வந்த தரவு முழுதும் சரியானது என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "மோர் ஊத்து" என்றார்.

மறுநாள் ஷீபாவிடம் போய்ச் சொல்லிவிட்டார். இந்த முறை பொருட்களைக் கூடத்தில் வைப்போம், உள்ளே வந்து பார்த்தவர்கள் மட்டும் ஓட்டுப் போடட்டும், ஒரே நாள், ஞாயிற்றுக்கிழமை.

ஷீபா நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "எண்ணிக்கை ஐந்நூறுக்குக்கூட வராது. அறக்கட்டளைக் கூட்டத்துல நான் என்ன சொல்றது அண்ணாச்சி?"

"என்னிய கூப்டுங்க மேடம். ஜெயிச்ச தாழிய ஓட்டு போட்ட ஒருத்தனும் பாக்கலன்னு நான் சொல்றேன்."

ஒரு நாள் யோசித்து ஷீபா ஒத்துக்கொண்டார். அறிவிப்பு போனது. அன்று சாயங்காலமே கிருஷ்ணசாமி மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"இன்னா மாமா, சொந்த ஊரயே தோக்கடிக்கிறியா? பட்டாசு வெடிச்சி லட்டு குடுத்தாச்சி. இப்ப செல்லாதுன்னா மொகத்த எங்க வச்சிக்கிறது?"

"மொகத்தோட உள்ள வாடா. தாழிய பாரு."

"தாழிய பாத்து நான் இன்னா பண்ணப் போறேன்?"

"பாக்காததுக்கு எதுக்குடா பட்டாசு வெடிச்ச?"

மாமா போய்விட்டார். அந்தப் புதன்கிழமை அவர் பேரனுக்குக் காதுகுத்து. அம்மாவுக்கு மட்டும் அழைப்பு வந்தது. அம்மா திட்டிக்கொண்டே தனியாகப் போய், டப்பாவில் சாப்பாடு கொண்டுவந்தார். அப்பா சாப்பிட்டுவிட்டு, "கறி நல்லா பண்ணிக்கீறான்" என்றார். மாமாவுக்குப் பெண் கொடுத்த வீடு, எடுத்த வீடு எல்லாம் அங்கே கூடியிருந்தது. இவர் மட்டும் இல்லை.

எனக்கும் வேலை இருந்தது. ஓட்டுப் பக்கம் திறக்க உள்ளே ஒட்டும் க்யூஆர் குறியீட்டை யாராவது படம் பிடித்துக் குழுவில் போட்டுவிட்டால் வீட்டிலிருந்தே ஓட்டு விழும். அந்த யாராவது யார் என்றும் தெரியும். அதனால் குறியீட்டைத் தாளில் ஒட்டாமல் திரையில் வைத்தேன். நாற்பது விநாடிக்கு ஒருமுறை மாறும். போன் இல்லாதவர்களுக்கு இரண்டு டேப்லெட். அவர்கள் இரண்டு முறை போடாமல் இருக்க என்ன செய்வது என்று கேட்டேன்.

"மை" என்றார் அப்பா. ரப்பர் ஸ்டாம்ப் மையும் தீக்குச்சியும் வாங்கி வைத்தார்.

ஞாயிறு காலை பத்து மணிக்குக் கதவு திறந்தது. யாரும் இல்லை. பத்தே கால். யாரும் இல்லை. அப்பா சட்டையின் மேல் பித்தானைப் போட்டார், கழற்றினார். ஷீபா என்னைப் பார்க்கவில்லை.

பத்து இருபதுக்குக் காவாந்தண்டலத்திலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். கையில் வாக்காளர் அட்டை.

"பூத் ஸ்லிப்பு வரலியே, பரவால்லியா?" என்றார் ஒருவர்.

"பரவால்லமா. உள்ள போய் அஞ்சையும் பாத்துட்டு வாங்க."

"பாக்காம போடக் கூடாதா?"

"கூடாது. சட்டம்."

பதினொரு மணிக்கு ஆண்கள், பெண்கள் என்று தனித்தனி வரிசை நின்றது. யாரும் நிற்கச் சொல்லவில்லை. அவர்களாகவே நின்றார்கள். பதினொன்றரைக்கு மூன்று லோடு ஆட்டோவில் மாகறலின் முதல் கூட்டம் வந்து இறங்கியது. முன்னால் கிருஷ்ணசாமி மாமா. அப்பாவைப் பார்க்காமல் விரலை மட்டும் நீட்டினார்.

"இடது கை" என்றார் அப்பா.

"எது இடதுன்னு எனக்குத் தெரியும்."

"அப்ப அத நீட்டு. இது வலது."

வரிசை சிரித்தது. மாமாவும் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். ஐந்து நிமிடம் கழித்து என்னிடம் வந்தார். "பாப்பா, உன் மிஷின்ல எதோ கோளாறு. போட்டோ எடுத்து அனுப்பினா அங்க தெறக்கல."

"கோளாறு இல்ல மாமா. அப்படித்தான் செஞ்சிருக்கேன்."

"நீயும் உங்கப்பன் கட்சியா?"

நான் எதிர்பார்க்காதது எலிக்கிட்டி. பழைய கிட்டியைத் தொடக் கூடாது என்பதால், அப்பா பச்சை மூங்கிலில் அதேபோல ஒன்று செய்து பக்கத்தில் வைத்திருந்தார். முதல் ஆள் இது எப்படி வேலை செய்யும் என்று கேட்டபோது வளைத்து மாட்டிக் காட்டினார். குச்சியால் தொட்டார். படார் என்று அடித்தது. கூடமே திரும்பியது. ஒரு குழந்தை அழுதது. அழுது முடித்ததும், இன்னொரு தடவை என்றது.

அதன் பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒரு படார். தாழியைப் பார்க்க வந்தவர்கள் பாதியில் திரும்பி ஓடினார்கள். மாமா ஷீபாவிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்தார். பூத்துக்குள்ளேயே ஒரு வேட்பாளருக்குப் பிரச்சாரம் நடக்கிறது என்று. ஷீபா படித்துவிட்டு, புகார் நியாயம்தான் என்றார். அப்பா கிட்டியைக் கீழே வைத்தார். ஐந்து பொருளுக்கும் சம நேரம் என்று முடிவானது. தாழிக்குள் குரல் கொடுத்தால் எப்படித் திரும்பி வருகிறது என்று மாமாவே தலையை விட்டுக் கத்திக் காட்டினார். அவர் தாழியைப் பார்த்தது அன்றுதான். வெகுநேரம் அதை விட்டு நகரவில்லை. பிறகு அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"மாமா, இதுக்குள்ள ஆள வச்சிப் பொதைப்பாங்களா?"

"ஆமாண்டா."

"எந்த வூட்டு ஆளு?"

"தெரியாது. நம்ம ஊரு ஆளுதான்."

மாமா தாழியின் விளிம்பைத் தொடப் போய்க் கையை எடுத்துக்கொண்டார்.

ஐந்து மணிக்குப் பூட்ட முடியவில்லை. ஓட்டுப் போட்டவர்களும் போகவில்லை. மற்ற அறைகளைச் சுற்றிப் பார்த்தார்கள், எழுதி வைத்திருந்ததைப் படித்து அது தப்பு என்று ஷீபாவிடம் சண்டை போட்டார்கள். ஷீபா நோட்டில் குறித்துக்கொண்டார். ஆறே காலுக்குக் கதவு மூடியது.

மொத்தம் 1,146 ஓட்டு. எலிக்கிட்டி 391. தாழி 372. மாகறலிலிருந்து வந்தவர்கள் 412 பேர். மாமா மறு எண்ணிக்கை கேட்டார். எண்ணினேன். அதே எண்.

"நம்ம ஊர்லயே நாப்பது பேர் கட்சி மாறிக்கீறான். எந்த துரோகின்னு தெரியல" என்று எங்கள் வீட்டில் உட்கார்ந்து சொன்னார். அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார்.

கூட்டத்தில் ஷீபா 1,146 என்ற எண்ணை மட்டும் காட்டினாராம். மற்ற மூவாயிரம் எங்கே என்று ஒருவர் கேட்டாராம். அப்பா சொல்லிக்கொடுத்த பதிலைச் சொன்னாராம். இந்த வருடமும் பார்த்துவிட்டுப் போடும் ஓட்டுதான் என்று முடிவாகியிருக்கிறது.

அப்பா சொன்னது சரி என்று அவர் இருந்தபோது நான் சொல்லவில்லை. சொல்ல ஐந்து மாதம் இருந்தது.

ஓட்டுக்கு மறுநாள் திங்கள். விடுமுறை. நாங்கள் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அப்பாவின் போன் அடித்தது. அருங்காட்சியகத்துக்கு எதிரே கடை வைத்திருக்கும் ஆல்பர்ட்.

"தாமு, வாசல்ல பதினாலு பேர் நிக்கிறாங்கோ. ராஜகுளமாம். வேன் வச்சிக்கினு வந்துக்கீறாங்கோ."

"நேத்தே ஓட்டு முடிஞ்சிச்சின்னு சொல்லு."

ஆல்பர்ட் அவர்களிடம் கேட்டுவிட்டு வந்தார். "ஓட்டு வேணாமாம். நேத்து வந்தவங்க சொன்னாங்களாம். சும்மா பாக்கணுமாம்."

அப்பா இட்லியைப் பாதியில் வைத்துவிட்டுக் கையைக் கழுவினார். ஷீபாவுக்கு போன் போட்டார். எடுக்கவில்லை. ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தார்.

"மேடம் கேக்காம தொறக்கலாமா நைனா?" என்றேன்.

"தொறந்துட்டு கேட்டுக்கலாம். வேன உக்கார வச்சிட்டு நாஷ்டா துன்ன முடியுமா?"

வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. தெரு முனையில் யாரிடமோ நிறுத்தி, "ராஜகுளத்துல இருந்து வந்துக்கீறாங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.